பத்தாவது இறக்கம்

விமானி அறையின் கண்ணாடிக்கு அப்பால் பனிமூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அது மெய்யான பனியன்று. ஓசூர்த் தொழிற்பேட்டையின் கூடமொன்றில் நின்ற, விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டரின் திரைப்பனி. ஆயினும் கேப்டன் சல்மானின் கழுத்தில் வழிந்த வியர்வை மெய்யானது.

பின்னிருக்கையில் அருணா, நொடிக்கு நொடி அச்சாகி வந்த பதிவுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெலவரப்பள்ளி அணைக்கு அப்பால் அமையவிருக்கும் ஓடுபாதைக்கு இறங்குவழியை வரைந்தவள் அவள். கருவிப்பலகையின் திசைமுள் அசைந்ததும் வலப்புறம் திரும்ப வேண்டும் என்பது அவ்வழியின் விதி.

ஒன்பது விமானிகள் இதே பனியில் பழுதின்றி இறங்கிவிட்டனர். பத்தாமவரான சல்மானும் இறங்கிவிட்டால் ஆய்வதிகாரி நாராயணப்பன் கையொப்பமிடுவார். அதன்பின் எழுபது பயணிகளுடன் மெய்யான விமானங்கள் இவ்வழியே இறங்கும்.

ஆயிரம் அடி. எண்ணூறு.

விமானம் வலப்புறம் சாய்ந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு ஓடுபாதை விளக்குகள் எழுந்தன. சக்கரங்கள் தரையைத் தொட்டன.

நாராயணப்பன் பேனாவைத் திறந்தார்.

அருணாவின் பார்வை பதிவுத்தாளை விட்டு அகலவில்லை. முள் அசைவதற்கு நான்கு நொடிகளுக்கு முன்பே சல்மான் திரும்பியிருந்தார்.

“ஏங்க கேப்டன், அதுக்குள்ள எதுக்குத் திருப்புனீங்க?”

“நீங்க வேற மேடம்! நேராப் போனா அந்தப் பாறைக் கரட்டு மலையில முட்டிக்க மாட்டமா? அப்பாவோட மாங்கா லாரியில அந்தக் கரட்டச் சுத்தியே வளந்தவன் நானு. பனி வந்தா வழி மறந்துருமா?”

அருணா கோப்பைப் பிரித்தாள். ஒன்பது பதிவுகள். முள் அசைவதற்கு மூன்று நொடி முன்பு, ஐந்து நொடி முன்பு, நான்கு நொடி முன்பு. அவற்றையெல்லாம் விமானிகளின் கைத்திறம் என்று அவள் எண்ணியிருந்தாள்.

ஒன்பது பேரும் இப்பகுதி வானில் பறந்து பழகியவர்கள்; கரடு எங்கே என்று அறிந்தவர்கள். ஊரறிந்தவர்களையே அழையுங்கள் என்று கேட்டு எழுதியவளும் அவளே.

“சார், கையெழுத்து போடாதீங்க,” என்றாள். பின்னர் சல்மானிடம் திரும்பினாள். “இன்னொரு தடவ கேப்டன். ஊர மறந்துடுங்க. முள்ளு சொன்னா மட்டும் திருப்புங்க.”

மீண்டும் வெண்மை. ஆயிரம் அடி. எண்ணூறு.

சல்மான் முள்ளின்மீதே கண்வைத்திருந்தார். அவர் திருப்பவில்லை.

ஒரு நொடி. இரண்டு. மூன்று.

முள் அசைந்தது. அவர் திருப்பினார்.

பனிக்குள்ளிருந்து முதலில் வெளிப்பட்டது ஓடுபாதையன்று, கரட்டின் பாறை.