வாய் மூடிய மேஸ்திரி

ஐம்பத்தெட்டாம் வருஷம், தொண்டி சங்குக் கிடங்குக்கு மதராஸிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். வேலையிடத்தில் மனிதர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எழுதுகிறவராம். அதற்கு முன் அவர் எழுதிவிட்டுப் போன கிடங்கில் பதினொரு பேருக்கு வேலை போயிருந்தது.

நான் மேஸ்திரி. இங்கன நான் அதட்டினால் கச்சத்தீவில் கொக்கு பறக்கும். ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்:

"ஏலே, அவரு இங்க இருக்குற மூணு நாளும் நான் வாய் திறக்க மாட்டேன். நீங்களா வேலை பாக்கணும். அதட்டுனாத்தான் நடக்குதுன்னு அவரு எழுதிட்டா, பாதிப் பேரு வீட்டுக்குப் போவீக."

"மூணு நாள் தாங்குவீகளாண்ணே?" என்றான் சங்கு கழுவும் எட்வர்ட்.

தாங்கினேன். தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆட்கள் பேய் பிடித்ததுபோல் சங்கைக் கழுவி, அளந்து, அடுக்கினார்கள். என் காதில் அவருடைய பென்சில் உரசும் சத்தம் மட்டும் விழுந்தது. அவ்வப்போது அது நிற்கும். அவர் என்னைப் பார்ப்பார். மறுபடி உரசும்.

அடுத்த வாரம் கிடங்கு முதலாளி மரைக்காயர், ஆராய்ச்சிக்காரரின் கடிதத்தோடு வந்தார்.

"ஆளுக எல்லாரும் சொல்லாமலே வேலை பாக்குறாகளாம். யாரையும் நிறுத்த வேணாமாம்."

எட்வர்ட் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஒருத்தரை மட்டும் நிறுத்தணுமாம். மூணு நாளும் தூணோரம் சும்மா நின்னாராம். பேரு எழுதல." முதலாளி நிமிர்ந்தார். "யாரு மேஸ்திரி அது?"