இடது பக்கத்துக் கியர்

மழைவிட்ட மாலை. பொகோட்டாவுக்கு வெளியே, ரோஜாப் பண்ணைச் சாலையோரக் கடையில் யோலிமாவின் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. முன்பக்கத்து இரண்டு பல்சக்கரங்களில் சின்னதைக் கழற்றுகிறான் மெக்கானிக் அர்னுல்ஃபோ. "இனி முன்னாடி ஒத்தைப் பல்சக்கரம்தான். மேட்டுல முழி பிதுங்கப் போகுதுக்கா!" என்று சிரிக்கிறான். "இறங்கித் தள்ளிக்கிறேன்டா. கைப்பிடியில இருக்கிற அந்த இடது கியரை எடுத்துடு, போதும்." பண்ணையில் ரோஜாக் காம்பு வெட்டி வெட்டியே அவளுடைய இடது கட்டைவிரல் மரத்துவிட்டது, பாவம், முன் பல்சக்கரத்தை மாற்றும் அந்தக் கியரை அழுத்தத் தெம்பில்லை. காதலர் தின அறுவடை நேரத்தில் சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். கியர்க் கம்பி எண்ணெய்ப் பிசுக்கோடு உருவி வருகிறது. அவன் சைக்கிளை நிமிர்த்துகிறான். "இடது பிரேக்கைப் பிடிச்சுப் பாருக்கா." விரல்கள் மடங்கவில்லை. அவன் சிரிப்பு நின்றுபோகிறது. "கத்திரி பிடிக்கிறது எந்தக் கையிலக்கா?" "இதே கைதான்" என்கிறாள் யோலிமா. வலது கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பிரேக்கின்மேல் மடித்து வைக்கிறாள்.