படகு வாங்கிய மாப்பிள்ளை

"எங்கப்பாவுக்குப் பிடிக்கலேன்னா நம்ம கல்யாணம் கஷ்டம். அவர்கிட்ட பொய் மட்டும் சொல்லிடாதே" என்று நோரா எச்சரித்திருந்தாள். அவள் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்த வெண்டலை, கதவைத் திறந்த அப்பாவே தன் அறைக்குள் இழுத்துப்போய் உட்கார வைத்தார். பேராசிரியர் ஹாஸ்கல், கடனில் மூழ்கித் திவாலானவர்களைப் பற்றியே புத்தகம் எழுதுகிறவர்.

"எத்தனை கிரெடிட் கார்டு?"

"ஏழு சார். ஏழுலயும் கடன் வரம்பு தாண்டிடுச்சு. போன வருஷம் திவால் மனு போட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரிச் செலவா?"

"படகு வாங்கினேன் சார்."

"படகா? கடலே இல்லாத கான்சஸ்லயா?"

"வீட்டு வாசல்லயேதான் நின்னுச்சு. பேங்க்காரன் வந்து இழுத்துட்டுப் போயிட்டான்."

"இப்ப செலவுக்கு?"

"மாசக் கடைசியில அம்மாகிட்ட கை நீட்டுவேன்."

"பிரமாதம்!" ஹாஸ்கல் எழுந்து கையைக் குலுக்கினார். பாஸாகிவிட்டோம் என்று வெண்டலுக்கு உயிர் வந்தது. அவர் ஐம்பது டாலரை நீட்டினார்.

"எதுக்கு சார்?"

"பேட்டிக்கு வந்ததுக்கு. என் ஆராய்ச்சிக்கு வர்றேன்னு போன்ல சொல்ற கடன்காரங்க எவனும் வர்றதில்ல. நீங்கதான் வந்தீங்க! பயப்படாதீங்க, நீங்க சொன்னதை நான் யார்கிட்டயாவது சொன்னா யுனிவர்சிட்டி என் வேலையையே பறிச்சிடும்."

நோரா எட்டிப் பார்த்தாள். "அட, அதுக்குள்ள பழகிட்டீங்களா? அப்பா, இவர்தான் நான் கட்டிக்கப்போற வெண்டல்!"

ஹாஸ்கலின் முகம் வெளுத்தது. சமையலறையிலிருந்து அவர் மனைவி கத்தினாள்.

"என்னங்க, பையன் எப்படி?"

ஹாஸ்கல் பேட்டிக் குறிப்புகளை அவசரமாக மேஜை டிராயருக்குள் தள்ளிப் பூட்டினார்.

வெண்டல் பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"சொல்லுங்க மாமா, அத்தை கேக்கறாங்கல்ல?"