ஓடைக்கு வந்த சிறுத்தை

"பாருங்க மேடம், ஈரம்கூட இன்னும் காயல." மணலில் பதிந்திருந்த சிறுத்தையின் காலடிகளைக் காட்டினார் சௌந்தரராஜன். மலையோடைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர், சுரங்கத்தில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தைந்தானாலும் முதுகு வளையவில்லை.

வன அதிகாரி லவினா குனிந்து அளவெடுத்தார். இன்று காட்டு விலங்கின் அடையாளம் கிடைத்தால் ஓடை பிழைக்கும். இல்லையென்றால் மலை கல்குவாரிக்குப் போய்விடும்.

குவாரி முதலாளி சாம்ராஜ் சிரித்தார். "இன்னா தலைவரே, நம்ம ஊரிகம் ஊருல பூனைக்கே சோறு இல்ல. சிறுத்தை எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் கீது. எங்க வம்சத்துல பொய் சொல்ற வழக்கமே இல்லப்பா!"

சொன்னவரின் தோள்பையில் ஒரு மரக்கட்டை கனத்தது. அதில் செதுக்கிய சிறுத்தைப் பாதத்தை விடியற்காலையில் வரிசையாக மணலில் அழுத்தியவர் அவரேதான். போன மாதம் சிறுத்தையைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னபோது ஊரே சிரித்ததே! வாயால் சொன்னால்தானே பொய், கட்டையால் அழுத்தினால் என்ன?

துணைக்கு வந்த நாய் டைகர்தான் காலை வாரிவிட்டது. பாதி வேலையிலேயே வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டம். 'பேரைக் கெடுக்கப் பொறந்த சனியன்' என்று திட்டிக்கொண்டே மீதியை அவர் தனியாக முடித்தார்.

லவினா நிமிர்ந்தார். "ஐயா, சிறுத்தைக்கு எத்தனை கால்?"

"நாலு."

"நாலும் இடது முன்னங்காலா?"

சௌந்தரராஜனின் கை தோள்பைக்குள் போனது. பையிலிருந்து கட்டை வெளியே வந்தது. வளையாத முதுகு முதன்முறையாக வளைந்தது.

"போச்சுடா வம்சம்!" என்று கைதட்டினார் சாம்ராஜ். "கையெழுத்து போடுங்க மேடம்."

அவர் நீட்டிய குவாரி அனுமதிக் காகிதத்தை லவினா வாங்கவில்லை. ஓடை வளைவுவரை மெல்ல நடந்து, குனிந்து எதையோ எண்ணிவிட்டுத் திரும்பினார்.

"ஐயா, எத்தனை தடவை அழுத்துனீங்க?"

"பன்னெண்டு" என்றார் அவர், தலை தூக்காமல்.

"இங்க முப்பது இருக்கு. மிச்சத்துல நாலு காலும் சரியா இருக்கு."

"அப்படின்னா?"

"உங்க செருப்புத் தடத்தை மிதிச்சுக்கிட்டே உங்க பின்னாடி வந்திருக்குங்க ஐயா!"