இலை கொட்டாத செடி

"நல்லா உயரமா வளரணும்ணே. இலை கொட்டவே கூடாது," என்றாள் கஸ்தூரி.

காசிமேட்டிலிருந்து மாத்தூர் நர்சரி வரைக்கும் பஸ் ஏறி வந்திருந்தாள். அவள் வீட்டு மாடிச் சுவரோரம் நீளத்துக்குச் செங்கல் கட்டி, மண் நிரப்பி, பாத்தி தயாராக இருந்தது.

"மூங்கில் வைக்கறியாம்மா?"

"சருகு கொட்டி நடுவுல சந்து வுழும்ணே."

"அப்போ அரளி வை. உப்புக் காத்துக்கு அசராது, வருஷம் பூரா பச்சைதான். ஆமா, இன்னாத்த மறைக்கணும்?"

"எதிர் மாடியை. அங்க தேசம்மான்னு ஒருத்தி, என் வூட்டுக்காரரு மாடிக்கு வந்தா போதும், எழுந்து நின்னு பாத்துகினே கீறா. மூணு மாசமா இதே பேஜாரு. இப்போ அவரு ரூமை வுட்டே வெளிய வர்றதில்ல."

நர்சரிக்காரர் சிரித்தார். "அப்போ உங்காளு மேலயும் ஏதோ தப்பு கீது! அவளை நேரா நாலு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?"

கஸ்தூரியின் கண் நிறைந்தது.

"இன்னான்னு கேக்கறது? அவ புருஷனும் இவரும் ஒரே போட்டுலதான் கடலுக்குப் போனாங்க. இவரு மட்டும்தான் கரையேறுனாரு. இவரு படியேறி வந்தா, பின்னாலயே தன் புருஷனும் வர்றானான்னு பாக்குறாண்ணே."