பத்திரம்

வங்கியில் போட்ட பணத்தை முழுசாகக் கையிருப்பில் வைக்க வேண்டும், ஒரு ரூபாயைக்கூடக் கடனாகத் தரக்கூடாது என்று சட்டம் வந்த அன்று, தெருவில் முதல் சரவெடி கொளுத்தியவள் பொற்கொடிதான். அம்மாவின் சேமிப்பை ஒரு வங்கி யார் யாருக்கோ கடன் கொடுத்து ஏப்பம் விட்ட ஆத்திரம் அவளுக்கு.

இன்று அவளே வங்கி அதிகாரி. எதிரே அதே தெரு ரூபவதி, நர்சிங் சீட் கிடைத்த பூரிப்போடு.

"படிக்கக் கடன் வேணும்க்கா."

"அதெல்லாம் இப்பக் கிடையாதுடி."

"நீங்க மட்டும் எதுலக்கா படிச்சீங்க?"

"கடன்லதான்." பொற்கொடியின் குரல் இறங்கிவிட்டது.

"ஊர்ல யார் கையிலயும் காசு புழங்கல. அவ்வளவு பணமும் இங்க என்னக்கா பண்ணுது?"

"பத்திரமா இருக்கு."

ரூபவதி எழுந்தாள். "சரிக்கா. நானும் வீட்ல பத்திரமா இருக்கேன்."