சோதித்தவர்

இன்சுலின் பம்புக்காக நாங்கள் பலர் சேர்ந்து இலவசமாக எழுதும் மென்பொருளில் என் நாலு வரி சேர்ந்ததும், பம்புகள் மருந்தை இரண்டு மடங்காகச் செலுத்த ஆரம்பித்தன. அரை மணியில் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றோம்.

மறுநாள் காலை, எங்கள் குழுவில் மென்பொருளைச் சோதிக்கும் மேடம் போன் செய்தார். முகம் பார்த்ததில்லை. என் வேலையில் குறை கண்டுபிடிப்பதையே தொண்டாகச் செய்பவர். எங்களுக்குள் அவர் 'மாமியார்'.

"அந்த நாலு வரிக்குச் சோதித்தவர்னு என் பேரைப் போட்டிருக்கீங்க. நான் சோதிச்சேனா?" கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தணிந்த குரலில் திட்டினார்.

"எப்படியும் சோதிப்பீங்கன்னு... ஒரு மரியாதைக்கு, மேடம்."

"உங்க மரியாதையைக் குப்பையில போடுங்க! உங்க பொய்க்கு என் பேர்தான் கிடைச்சுதா?"

பேர் போடவில்லை என்று சண்டைக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். எனக்கும் ரோஷம் வந்தது.

"பதிப்போட வர்ற குறிப்புல கடைசி வரி மேடம் அது. அதை எவன் படிக்கிறான்?"

"எங்கப்பா படிப்பார். அங்க என் பேர் இருந்தாத்தான் புதுப் பதிப்பைத் தன் பம்புல ஏத்துவார். நேத்து ஏத்திட்டார். ஐசியூ வாசல்ல நிக்கிறேன்."